குதிரை வாங்குமுன்: சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்களுக்கும் விடுதி நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களைப் பரம்பரையாகவும் விலைக்கு வாங்கியும் நடத்திவரும் பெரியோர்களே, அத்தோட்டங்களின் நடுவிலும் ஏரியைச் சுற்றியும் தங்கும் விடுதிகள் நடத்திவரும் நண்பர்களே,

இங்கிலாந்து தேசத்தின் மேட்டுப் புல்வெளிகளில் ஒரு வாரம், பத்து நாள் என்று தங்கிக் குதிரைமீதே ஊர் ஊராகச் சுற்றிவரும் விடுமுறைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதுபோன்றதொரு ஏற்பாட்டை நம் மலையிலும் தொடங்கினால், சித்திரை வைகாசிக் கூட்டத்தை மாத்திரம் நம்பியிராமல் மற்ற மாதங்களிலும் நல்ல விருந்தினர்களை வரவழைக்கலாமே என்னும் யோசனை உங்களில் சிலருக்கு இருந்துவருவதை நான் அறிவேன். ஏற்காட்டு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவன் என்ற முறையில், மலையைப் புகையின்றி, இரைச்சலின்றி, நிதானமாகக் கண்டு களிக்க ஒரு வழி பிறக்குமானால் அதை வரவேற்பவர்களில் முதல்வனாக நான் இருப்பேன். ஆனால் குதிரையை வாங்கி வந்து கட்டுவது அந்த ஏற்பாட்டின் கடைசிப் படி என்பதையும், அதற்கு முன்னதாகப் பாதைகளைத் திறந்து வைப்பதும் பிராணியைப் பேணத் தெரிந்த கைகளைத் தேடிக்கொள்வதும் ஆகிய இரண்டு காரியங்கள் முடிந்திருக்க வேண்டும் என்பதையும் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும் என்ற ஆவலினாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

அந்நாட்டில் நடப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் விளம்பரப் படங்களில் தெரியும் குதிரையும் அதன்மேல் சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கும் மனிதரும் அவ்விடுமுறையின் ஒரு சிறு பாகமே. தென்மேற்கு இங்கிலாந்தில் சாமர்செட், டெவன் என்னும் இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் எக்ஸ்மூரும், டெவனுக்குள்ளேயே அடங்கிய டார்ட்மூரும் மூர் எனப்படும் இவ்வகை வெளிகளில் பெயர்பெற்றவை. டார்ட்மூர் 1951லும் எக்ஸ்மூர் 1954லும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றின் உயரத்தைக் கேட்டால் நம்மவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். டார்ட்மூரின் மிக உயர்ந்த சிகரமே 621 மீட்டர்தான், எக்ஸ்மூரின் சிகரம் 519 மீட்டர். நம் சேர்வராயன் கோயில் நிற்கும் முகடோ 1,600 மீட்டருக்கும் மேற்பட்டது. ஆயினும் அங்கே மரங்கள் அரிது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லும், ஹெதர் என்னும் குறுஞ்செடியும், முள்ளடர்ந்த மஞ்சள் பூப் புதர்களும், மழைநீர் தேங்கிக் கறுத்துப்போன சதுப்புகளும், டார்ட்மூரிலே ஆங்காங்கே தலைதூக்கி நிற்கும் கருங்கல் பாறைக் குவியல்களுமாக, காற்றுக்கு எந்தத் தடையுமில்லாத வெளி. ஆகஸ்டு மாதத்தில் ஹெதர் பூத்துக் குன்றுகள் முழுவதும் ஊதா நிறம் கொள்ளும். மறு நாழிகையிலேயே மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் இருப்பது தெரியாமல் போய்விடுவதும் உண்டு; அந்த ஒரு விஷயத்தில் அந்நிலமும் நம் மலையும் உடன்பிறந்தவை என்றே சொல்ல வேண்டும்.

இவ்வெளியில் விடுமுறைக்கு வரும் விருந்தினர் ஒரு பண்ணைவீட்டிலோ கிராமத்து விடுதியிலோ தங்குகிறார். முதல் நாள் அவருடைய எடை, உயரம், சவாரிப் பழக்கம் ஆகியவற்றை விசாரித்து அவற்றுக்குத் தகுந்த குதிரையை ஒதுக்குகிறார்கள். பல பண்ணைகளில் அவர் காலையில் லாயத்துக்குப் போய், தம் குதிரையைத் தாமே தேய்த்துவிட்டு, நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளம்பின் உட்குழிவில் அடைத்திருக்கும் மண்ணையும் பொடிக்கற்களையும் சிறு கொக்கியால் தோண்டியெடுத்து, சேணத்தை வைத்து வயிற்றுவாரை இறுக்கி, தலைக்கவசம் அணிந்துகொண்டு, அதற்குப் பிறகே ஏறுகிறார். முன்னே வழிகாட்டி ஒருவர் போவார். ஏற்றத்தில் குதிரை தன் போக்கில் நடக்கும், செங்குத்தான இறக்கத்தில் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பதும் உண்டு. நடுப்பகலில் ஓர் ஓடையோரத்தில் சேணத்தின் வாரைத் தளர்த்திக் குதிரையை மேயவிட்டு உணவருந்துவார்கள். மாலையில் திரும்பி வந்ததும் முதலில் குதிரைக்குத் தண்ணீர், பிறகு தீனி, அதன் முதுகில் வியர்வை உலர்ந்த அடையாளத்தைத் தேய்த்துத் துடைத்தல், அதன் பின்னரே மனிதருக்குத் தேநீர். இந்த வரிசையை மாற்ற எந்தக் குதிரைப் பண்ணைக்காரரும் சம்மதிக்க மாட்டார். எவ்வளவு பணம் கொடுத்த விருந்தினராக இருந்தாலும் சரி.

பண்ணைக்காரரின் நற்குணத்தை மாத்திரம் நம்பி இந்த ஒழுங்கு நிற்கவில்லை. குதிரையை வாடகைக்கு விடும் எந்த நிலையமும் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் பெற வேண்டும் என்று 1964ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு சட்டம் செய்தார்கள். 1970ல் அதை மேலும் கடுமையாக்கினார்கள். கால்நடை மருத்துவர் நேரில் வந்து லாயத்தையும் பிராணிகளையும் பரிசோதித்த பிறகே உரிமம் கிடைக்கும். மூன்று வயது நிறையாத குதிரையையும், நிறைசினையாக உள்ள பெண்குதிரையையும், குட்டி போட்டு மூன்று மாதம் ஆகாத தாயையும் வாடகைக்கு விடக்கூடாது என்பது அச்சட்டத்தின் திட்டவட்டமான விதி. 2018ல் அங்கே வந்த புதிய ஒழுங்குமுறைகளும் இதே நோக்கத்தைத் தொடர்ந்தவையே. சவாரி செய்பவருக்கு விபத்து நேர்ந்தால் ஈடுசெய்யும் காப்பீடும் கட்டாயம். ஆக, விருந்தினர் காணும் அந்த நிம்மதியான சவாரிக்குப் பின்னால் சட்டமும் மருத்துவரும் லாடக்காரரும் கண்ணுக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

எக்ஸ்மூரின் மட்டக்குதிரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பழுப்பு நிறமும், மாவில் தோய்த்தெடுத்தது போன்று வெளிறிய மூக்கும், மழைநீர் உள்ளே இறங்காதபடி சதைப்பற்றோடு தடித்த கண்ணிமைகளும் கொண்ட இந்த ஜாதி, பனியிலும் மழையிலும் வெட்டவெளியிலேயே வாழப் பழகியது. 1818ல் எக்ஸ்மூர் அரச வனம் தனியாருக்கு விற்கப்பட்டபோது, அதுவரை அவ்வனத்தின் காப்பாளராக இருந்த சர் தாமஸ் ஆக்லண்ட் ஏறத்தாழ முப்பது குதிரைகளைத் தம் சொந்த நிலத்துக்கு ஓட்டிச்சென்று இனம் கலக்காமல் காத்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இறைச்சிக்காகத் திருடப்பட்டும், படைகளின் துப்பாக்கிப் பயிற்சிக்கு நடுவே அகப்பட்டும், அந்த ஜாதியில் ஐம்பதுக்கும் குறைவானவையே மிஞ்சின. யுத்தம் முடிந்ததும் மேரி எதரிங்டன் என்னும் பெண்மணி அக்கம்பக்கத்து விவசாயிகளை ஒன்றுசேர்த்து மந்தைகளை மீண்டும் கட்டியெழுப்பினார். இன்று விடுமுறைக்கு வருவோர் தூரத்துக் குன்றில் அம்மந்தைகளைக் காண்பதே அவர்கள் சவாரியின் பெரும்பேறாகக் கருதப்படுகிறது என்றால், அதற்குக் காரணம் சில மனிதர்கள் வியாபார லாபத்தைக் கருதாமல் அந்த ஜீவன்களுக்காக உழைத்ததுதான்.

இனிப் பாதைக்கு வருகிறேன். உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்க விரும்புவதும் இதுவே.

அந்நாட்டிலும் நிலம் பெரும்பாலும் தனியாருடையதே. தோட்டமும் மேய்ச்சல் நிலமும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். ஆனால் அதன் ஊடே காலங்காலமாக ஜனங்கள் நடந்தும் குதிரையேறியும் போய்வந்த பாதையை மூட அவருக்கு உரிமை கிடையாது. 1949ல் இயற்றப்பட்ட தேசியப் பூங்காக்கள் மற்றும் கிராமப்புற அணுகல் சட்டம், ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லைக்குள் உள்ள நடைபாதைகளையும் குதிரைப் பாதைகளையும் கணக்கெடுத்து வரைபடத்தில் குறித்தே தீரவேண்டும் என்று விதித்தது. ஒரு தடவை அவ்வரைபடத்தில் ஏறிவிட்ட பாதைக்கு அதுவே அசைக்கமுடியாத சாட்சி. நடைபாதைக்கு மஞ்சள் அம்புக்குறி, குதிரைப் பாதைக்கு நீல அம்புக்குறி. குதிரைப் பாதையில் கதவு இருக்கலாம். ஆனால் குதிரை தாண்டமுடியாத ஏணிப்படித் தடுப்பை வைக்கக் கூடாது. சேணத்தில் அமர்ந்தபடியே கைநீட்டித் திறக்கும்படி நீண்ட கம்பித் தாழ்ப்பாள் பொருத்திய கதவுகளைப் பல இடங்களில் காணலாம். திறந்த கதவைப் பின்னால் வருபவர் மூடிவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் ஆட்டுமந்தை வெளியேறிவிடும். நிலக்காரர் வழிவிடுகிறார், வழிப்போக்கர் கதவை மூடுகிறார். இந்தப் பரஸ்பர மரியாதையின்மேல்தான் அந்நாட்டின் குதிரை விடுமுறை முழுவதும் நிற்கிறது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

நம் மலையில் அத்தகைய பாதைகள் இல்லையா என்றால், ஏராளமாக இருந்தன, இன்னும் இருக்கின்றன. சேலத்துக் கலெக்டராக 1820களில் இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பியையும் பழமரங்களையும் வைத்துப் பயிராக்கத் தொடங்கிய காலத்தில், இப்போது நாம் பேருந்தில் தலைசுற்ற ஏறிவரும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் கிடையா. ஏறியவர்கள் குதிரையின் முதுகில் ஏறினார்கள், அல்லது கூலியாட்களின் தோளில் தூக்கு நாற்காலியில் ஏறினார்கள். அதற்கும் முந்தியே, மலையாளிகள் என்று பெயர்வழங்கும் நம் மலைமக்கள், ஊருக்கு ஊர், ஊரிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து அடிவாரச் சந்தைக்கு என்று போட்டுவைத்த ஒற்றையடிப் பாதைகள் இம்மலையை நரம்புபோலச் சுற்றிப் படர்ந்திருந்தன. நாகலூருக்கும் மஞ்சக்குட்டைக்கும், செம்மடுவுக்கும் வெள்ளக்கடைக்கும் தார்ச்சாலை வந்த பிறகும், தோட்டங்களுக்குள்ளே சில்வர் ஓக் மரங்களின் நிழலில் மிளகுக்கொடி தோளை உரச நடந்துபோகும் குறுக்குவழிகளில்தான் பலாவும் மிளகும் தலைச்சுமையாக வருகின்றன, பள்ளிப்பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

அப்பாதைகளில் சிலவற்றின் குறுக்கே சமீப காலத்தில் கம்பிவேலியும் பூட்டிய இரும்புக் கதவும் எழுந்திருப்பதைக் கண்டு நான் வருந்துகிறேன். யாரையும் பெயர்சொல்லிக் குறைகூறுவது என் உத்தேசமன்று; காப்பிப்பழம் திருடுபோகிறது, குடித்துவிட்டு வரும் விடுமுறைக்காரர் கண்ணாடிப் புட்டிகளை எறிந்துவிட்டுப் போகிறார் என்ற உங்கள் சங்கடங்கள் எனக்கும் தெரியும். ஆயினும் பாதையைப் பூட்டுவதால் திருடன் நின்றுவிடுவதில்லை. சுமைதூக்கி வரும் கிழவிதான் இரண்டு மைல் சுற்றிப் போகிறாள். ஒவ்வொரு தோட்டமும் தன் எல்லையை அடைத்துக்கொண்ட மலையில் குதிரைக்குப் போக மிஞ்சுவது தார்ச்சாலை ஒன்றே. முப்பத்திரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்றுச்சாலையில், ஒலிப்பானை அழுத்திக்கொண்டு பாயும் வாகனங்களுக்கு நடுவே, லாடத்துக்குக் கீழே சூடேறிய கெட்டித் தாரின்மேல் குதிரையை நடத்துவதற்குப் பெயர் விடுமுறையாகாது. ஆகையால் உங்களுக்குள் கூடிப் பேசி, எந்தெந்தப் பழம்பாதைகள் உங்கள் தோட்டங்களின் வழியே செல்கின்றன என்பதை ஊர்ப் பெரியவர்களையும் கூட வைத்துக்கொண்டு நடந்து பார்த்து, ஒரு காகிதத்தில் வரைந்து, அவற்றை நடப்போருக்கும் குதிரைக்கும் எக்காலமும் திறந்து வைப்பதாக எழுத்துமூலம் உறுதிகூறுங்கள். சட்டத்தின் நிர்ப்பந்தமில்லாமல் நீங்களே முன்வந்து செய்யும் இக்காரியம், இம்மலைக்கு உங்கள் முன்னோர் செய்த எந்த உபகாரத்துக்கும் குறைந்ததாகாது.

நீலகிரியில் நடந்தது நமக்கு ஒரு பாடமாக இருக்கத் தக்கது. உதகமண்டலத்துக்கு மேற்கே பரந்த புல்மேடுகளைக் கண்ட வெள்ளைக்காரர்களுக்குத் தங்கள் ஊர் மூர்வெளிகளின் ஞாபகம் வந்தது. 1891 முதல் 1896 வரை சென்னைக் கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரை அவ்வெளிக்கு இட்டார்கள். நரிவேட்டைக்குப் பதிலாகக் குள்ளநரியைத் துரத்தும் குதிரை வேட்டைக் கழகம் ஒன்றையும் நடத்தினார்கள். தாய்நாட்டை நினைத்து ஏங்கிய மனங்கள் அங்கிருந்து மஞ்சள் பூ முட்புதரையும் துடைப்பச்செடியையும் கொண்டுவந்து நட்டன.  இன்று அப்புதர்கள் நிலைத்து, தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியை மூடிப் பரவி, அவற்றை வேரோடு பிடுங்க வனத்துறை பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. அந்நிலத்தின் தோற்றத்தை இங்கே கொண்டுவர முயன்றவர்கள் அந்நிலத்தின் பாதை ஒழுங்கையும் பிராணி ஒழுங்கையும் நமக்கு விட்டுச்செல்லவில்லை. ஆதலால் உங்கள் விடுதிகளைச் சுற்றி ஹெதரும் வெட்டிச் சமன்செய்த புல்தரையும் வைத்து எக்ஸ்மூராக்க வேண்டாம். காப்பிப் பூ மார்ச்சு, ஏப்ரல் மழைக்கு ஒரே இரவில் வெண்மையாக மலர்ந்து மலை முழுவதும் மணக்கும் விடியற்காலை ஒன்றில் குதிரைமேல் போவதைக் காட்டிலும் உயர்ந்த அனுபவத்தை எந்த மூர்வெளியும் தந்துவிடாது.

குதிரையின் விஷயத்தில் நாம் எதைச் செய்யக் கூடாது என்பதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. கொடைக்கானல் ஏரிக்கரையிலும் உதகைப் படகுத்துறையின் அருகிலும் கோடைக்காலத்தில் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று சுற்றுக்கு இவ்வளவு ரூபாய் வாங்கிக்கொண்டு குதிரை விடுகிறார்கள். குழந்தைகளுக்கு அது பெரும் குதூகலம்; குதிரைக்காரர்களுக்கும் அதுவே வயிற்றுப்பாடு; அவர்களை நான் பழிக்கவில்லை. ஆனால் கூட்டம் மிகுந்த ஒரு பிற்பகலில் அக்குதிரைகளில் ஒன்றின் அருகே நின்று பாருங்கள். பிடரிமயிர் முடிகிற இடத்தில் முதுகெலும்பு மேடிட்டு நிற்கும் பகுதியில், சேணத்தின் முன்வளைவு நேரே எலும்பில் பட்டு அழுத்துகிறது. அங்கே மயிர் உதிர்ந்து, தோல் உரிந்து, ஆறிய புண்ணின்மேல் புதுப்புண்ணாக ஈ மொய்க்கிறது. அதை மறைக்கச் சாக்குத்துணியை மடித்துச் செருகியிருக்கிறார்கள். குதிரை ஒரு பின்னங்காலின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி நிற்கிறது. வாய் ஓரத்தில் கடிவாளம் அறுத்த கோடு. அடுத்த சவாரிக்கு ஆள் ஏறும்போது அதன் காதுகள் பின்னே மடிகின்றன. ஏறியவருக்கு அதன் முகம் தெரிவதில்லை.

இந்தக் கொடுமையைத் தடுக்க நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965ல் செய்யப்பட்ட விதிகள், சேணத்தின் வளைவுக்கும் குதிரையின் முதுகுமேட்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. முட்கள் பதித்த கடிவாளத்தைத் தடுக்கின்றன. சுமைப்பிராணியிடம் நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கின்றன. மட்டக்குதிரையின் முதுகில் ஏற்றும் சுமைக்கு 70 கிலோ என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். இது மூட்டைகளை உத்தேசித்துச் சொன்ன அளவு. ஆயினும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஒரு மனிதரும் அவர் அமரும் சேணமும் சேர்ந்தால் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். குதிரையின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏற்றலாகாது என்பது சவாரிப் பள்ளிகளில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்படி 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு 50 கிலோதான் நியாயமான பாரம். அதுவும் சேணத்தையும் சேர்த்து. ஆகவே உங்கள் விடுதி வாசலில் ஒரு தராசை வைத்து, தகுந்த குதிரை இல்லாத விருந்தினரை மரியாதையாக, ஆனால் தயக்கமின்றி, நடந்து வருமாறு கேட்டுக்கொள்ளும் தைரியம் உங்களுக்கு வேண்டும்.

அடுத்து, பேணும் கைகள். பாண்டிய நாட்டுக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இங்கே வந்து இறங்கியதையும், அரசர்கள் பெரும்பொருள் கொடுத்து அவற்றை வாங்கியும் ஆண்டு முடிவதற்குள் மிகச் சிலவே உயிரோடு மிஞ்சியதையும் எழுதியிருக்கிறார். லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இந்நாட்டில் இல்லை என்றும், குதிரை சாகச் சாக மறுபடியும் விற்கலாம் என்பதற்காக அத்தகையவர்கள் இங்கே வராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் காரணம் சொல்கிறார். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய இச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு துடிக்கிறது. தன் பெயரையே தன் குதிரைக்கும் இட்ட மலையமான் காரியும் கொல்லிமலை ஓரியும் வாழ்ந்த இதே வட்டாரத்தில், குதிரையை வாங்கத் தெரிந்து வளர்க்கத் தெரியாத நிலை இனியும் வரக்கூடாது.

குதிரை வாங்க இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் மாடுகளோடு குதிரைகளும் வந்து நிற்கும். மார்வாடி, கத்தியவாடி ஜாதிகள் வடக்கேயிருந்து வரும். காதுநுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் அந்த அழகைக் கண்டு மனம் பறிபோகாதவர் அரிது. ஆனால் அவை வறண்ட சமவெளியில் பழகியவை. ஈரமான செம்மண்ணில், நான்கு மாதம் நசநசவென்று மழை பெய்யும் குளிர்ந்த மலையில், குளம்பின் அடிப்பகுதி ஊறி அழுகும் நோய் வராமல் காக்க, உயர்த்திக் கட்டிய தரையும் காய்ந்த வைக்கோல் படுக்கையும் நாள்தோறும் குளம்பைத் துடைத்துப் பார்க்கும் ஆளும் இருந்தாலொழிய அவற்றை மலையேற்றுவது பாவம். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பை வெட்டி லாடம் மாற்ற வேண்டும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஆகாத தீனியைத் தின்றுவிட்டால் வயிற்றுச் சூலையில் துடித்து இறந்துபோகும். கொள்ளும் தவிடும் ஒரேயடியாகக் கொட்டிவைக்காமல், நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புல் தின்னவிடுவதே அதன் வயிற்றுக்கு ஏற்றது. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். ஏரி வற்றும் கோடையில் அந்தத் தண்ணீருக்கு வழி என்ன என்று இப்போதே யோசியுங்கள். 1985 முதல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி நடந்துவருகிறது. நம் மாவட்டத்திலேயே தலைவாசலில் இன்னொன்றும் இருக்கிறது. அவ்விரு இடங்களில் ஒன்றிலிருந்து மருத்துவர் ஒருவரை மாதம் தவறாமல் மலைக்கு வரவழைக்கும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு அந்தியூர்ச் சந்தைக்குப் புறப்படுங்கள்.

வேலைக்கு ஆள் வைக்கும்போது இம்மலையின் பிள்ளைகளையே வையுங்கள். எந்தப் பாறைக்கடியில் ஊற்று சுரக்கும், எந்த வளைவில் காட்டெருமை சாயங்காலம் இறங்கும், மூடுபனி எந்தப் பக்கமிருந்து மூடும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். காட்டெருமையை எதிர்ப்பட்ட குதிரை மிரண்டு பாய்ந்தால் பழக்கமில்லாத விருந்தினர் தப்புவது கடினம், ஆகையால் அந்தி சாய்ந்தபின் சவாரி கூடாது என்பதையும், மூடுபனி இறங்கினால் அருகிலுள்ள ஊரில் இறங்கிக் காத்திருக்க வேண்டும் என்பதையும் வழிகாட்டியே தீர்மானிக்கட்டும், விருந்தினர் கட்டளையிடலாகாது. வேலைக்கு வைத்த அப்பிள்ளைகளை ஆறு மாதமாவது சம்பளத்தோடு பழக்கி, காப்பீடும் செய்துகொடுங்கள். மே மாதத்துக் கூட்டம் கலைந்ததும் ஆளையும் குதிரையையும் கைவிடும் வழக்கம் இங்கே தலைகாட்டக் கூடாது; உதகையின் வீதிகளில் ஆளற்ற குதிரைகள் குப்பைத்தொட்டியை முகர்ந்துகொண்டு திரிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேலைசெய்ய இயலாத வயதில் ஒவ்வொரு குதிரையும் எங்கே மேயும், யார் தீனி போடுவார் என்பதை அதை வாங்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். வாடகையில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கினால் போதும்.

முதல் பாதையாக எதை எடுக்கலாம் என்று கேட்பீர்களானால், என் யோசனை இது. சேர்வராயன் கோயில் முகட்டில் மரமின்றி விரிந்து கிடக்கும் புல்வெளிதான் இம்மலையில் மூர்வெளிக்கு நெருங்கிய தோற்றமுடையது. இருந்தும் அதை முதல் பாதையாக்க வேண்டாம். அது குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் குடிகொண்ட இடம். மே மாதத் திருவிழாவில் மலையூர்கள் எல்லாம் அங்கே கூடுகின்றன. அவ்வூர்ப் பெரியவர்களின் சம்மதம் பெறாமல் அந்தப் புல்லில் ஒரு குளம்பும் பதியலாகாது. அதற்குப் பதிலாக நாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் அடுத்தடுத்துள்ள நான்கைந்து பேர் சேர்ந்து, தார்ச்சாலையைத் தொடாமல் ஐந்தாறு மைல் சுற்றிவரும் ஒரு பழம்பாதையைத் திறந்து, அதில் ஒரு வருஷம் நடப்போரை மாத்திரம் அனுமதித்துப் பாருங்கள். கதவுகள் எப்படி மூடப்படுகின்றன, குப்பை சேருகிறதா, காப்பிப்பழம் குறைகிறதா என்பது அந்த ஒரு வருஷத்தில் தெரிந்துவிடும். லாயம் கட்ட வேண்டிய இடமும் தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டிய இடமும் நடந்தவர்களின் அனுபவத்திலிருந்தே புலப்படும்.

காப்பிப்பழம் பறிக்கும் வேலை தை மாசி வாக்கில் ஓய்ந்து உங்களுக்குச் சற்று அவகாசம் கிடைக்கும்போது, இதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் கூட்டுங்கள். ஊர்ப் பெரியவர்களையும், ஒரு கால்நடை மருத்துவரையும், லாடம் கட்டத் தெரிந்த ஒருவரையும் அதற்கு அழையுங்கள். அழைத்தால் நானும் வருகிறேன். பாதைகளை நடந்து பார்த்துக் குறித்து வைத்திருக்கும் என் காகிதங்களையும் கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் மலைவாசி ஒருவன்,
ஒண்டிக்கடை, ஏற்காடு.